பிஸ்கற் ரின் மேளம்

மோர்னிங்சைட்
ஒக்ரோபர் 5, 2025

மதிப்புக்குரிய சம்மந்தி அம்மா தெய்வநாயகி அவர்களுக்கு,

இனிப் போனில் கதைப்பதில்லை என்று நீங்களும் சொன்னீர்கள், நானும் சொன்னேன். உங்கள் வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று நான் மேலதிகமாக ஒன்றும் சொன்னேன். சொன்ன சொல்லில் நிற்கிறேன். ஆனால் எழுதுவதில்லை என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. என் மகளும் உங்கள் மருமகளுமான லக்ஷிகா இதைக் கொண்டுவந்து தருவாள். உறையை ஒட்டித்தான் கொடுக்கிறேன், ஆனாலும் பிரித்து வாசிப்பாள். வாசி மகள், நீயும் அறிய வேண்டிய விசயம்தான்.

செப்ரெம்பர் கடைசிச் சனிக்கிழமை, நாங்கள் மொன்றியலில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, உங்கள் புது ஹோம் தியேட்டரில் பிள்ளைகளின் கல்யாண வீடியோவைப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்துச் சனம் அறுபது பேர். தாலி கட்டும் கட்டம் வந்தபோது பிறம்ரனில் லொறி ஓட்டுவிக்கும் உங்கள் அத்தான் பேரின்பராசா, “உதென்ன மேளம்? ஆரோ பிஸ்கற் ரின்னில தட்டுற மாதிரிக் கிடக்கு” என்றாராம். வீடே சிரித்ததாம். நீங்கள் அடுத்த நாள் எனக்குப் போன் எடுத்து, “கெட்டிமேளம் பிடிக்கத் தெரியாட்டி எங்களிட்டை விட்டிருக்கலாமே” என்று கேட்டீர்கள்.

சம்மந்தி அம்மா, மேளம் என் பொறுப்பு. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். ஒவ்வொருவரையும் நானே போய்க் கேட்டுப் பிடித்தேன். யூன் மாதம் அந்த மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டியபோது என் நெஞ்சு அதிர்ந்தது எனக்குத் தெரியும். நீங்கள் சிரித்ததோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் மாப்பிள்ளை விதுர்சனின் காரை யாரோ பார்க்கிங்கில் இடித்துவிட்டுப் போனதற்கும், உங்கள் பேஸ்மென்ற்றில் தண்ணீர் கசிந்ததற்கும் “கெட்டிமேளம் இல்லாமத் தாலி ஏறினா உப்பிடித்தான்” என்று உங்கள் வீட்டில் கதை நடக்கிறதாம். என் பிள்ளை அந்த வீட்டில்தான் எழும்பி, அந்த வீட்டில்தான் படுக்கிறாள். நாளைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அதற்கும் என் மேளம்தான் காரணமாகும்.

அதே அறுபது பேருக்கு முன்னால் நீங்கள் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கனகசிங்கம்


றிச்மண்ட் ஹில்
ஒக்ரோபர் 8, 2025

திரு. கனகசிங்கம் அவர்களுக்கு,

உறை பிரிந்துதான் வந்தது. பிள்ளையைக் குறை சொல்லவில்லை.

கார் இடிபட்ட கதையைச் சொன்னது நான் அல்ல, என் மச்சாள். ஆனால் நான் அவள் வாயை அடைக்கவும் இல்லை. ஏனென்றால் நான் கேட்டதைத்தான் அவளும் கேட்டாள். நாதஸ்வரம் நன்றாகக் கேட்டது. அதற்குப் பக்கத்தில் ‘ணக் ணக் ணக்’ என்று தகரம். கேட்காததைக் கேட்டேன் என்று சொல்ல எனக்கு வராது.

மணவறையோடு நின்ற மனிசிக்குக் காது எங்கே போனது என்று போனில் கத்தினீர்கள். சொல்கிறேன். ஐயர் தாலிக்கொடியை எடுத்துக் கொடுத்தபோது என் பிள்ளையின் கை நடுங்கியது. கொழுக்கி பூட்டுப்படாமல் போய்விடுமோ என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. ஐயர் சொன்னதும் கேட்கவில்லை, மேளமும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து சனம் பூப் போட்ட பிறகுதான் காது திறந்தது. பரவாயில்லை, வீடியோவில் ஆறுதலாகக் கேட்கலாம் என்று இருந்தேன். எனக்கு இருப்பது ஒரே ஒரு பிள்ளை. அவனுடைய கெட்டிமேளத்தைக் கேட்க வேண்டும் என்றுதான் இந்த ஹோம் தியேட்டரையே வாங்கச் சொன்னேன்.

எனக்குக் கிடைத்தது பிஸ்கற் ரின். உங்களுக்குக் கோபம் என்றால் எனக்குத் துக்கம். இரண்டில் எது பெரிது என்று நீங்களே சொல்லுங்கள்.

தெய்வநாயகி


மோர்னிங்சைட்
ஒக்ரோபர் 12, 2025

சம்மந்தி அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாவது முறை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் “பாவம் அவ” என்றாள். எனக்கும் கோபம் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான்.

வியாழக்கிழமை வீடியோ எடுத்த மரியோவின் ஸ்ரூடியோவுக்குப் போனேன். என்னிடம் கார் பழக வந்த பிள்ளையை நடுவழியில் இறக்கவில்லை, பாடம் முடித்துவிட்டுத்தான் போனேன். மரியோ பெரிய ஹெட்போனை என் காதில் மாட்டிக் கெட்டிமேளக் கட்டத்தைப் போட்டான். சம்மந்தி அம்மா, கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்! தவில் இரண்டும் குறையில்லாமல் பதிவாகி இருக்கிறது.

பிறகு அவன் ஒரு விளக்கம் சொன்னான். தவிலுக்கு இரண்டு பக்கம். வலது பக்கம் விரலில் கூடு போட்டு அடிப்பது, அது ‘ணக்’ என்று கேட்கும். இடது பக்கம் தொப்பி, தடியால் அடிப்பது, நெஞ்சில் இடிப்பது அதுதான். உங்கள் வீட்டில் வலது பக்கம் மட்டும் கேட்டிருக்கிறது. “அங்கிள், அவையின்ர சப்வூபர் வேலை செய்யுதோ எண்டு கேட்டுப் பாருங்கோ” என்றான். சப்வூபர் என்றால் தாழ்ந்த சத்தத்துக்கென்றே தனியாக வரும் கனத்த பெட்டி. அது இல்லாவிட்டால் தொப்பி இல்லை. தொப்பி இல்லாவிட்டால் கெட்டிமேளம் இல்லை.

ஆகவே கேட்கிறேன். உங்கள் சப்வூபர் எங்கே? விருப்பமென்றால் மரியோவிடம் வந்து ஹெட்போனிலும் கேட்கலாம்.

கனகசிங்கம்


றிச்மண்ட் ஹில்
ஒக்ரோபர் 16, 2025

திரு. கனகசிங்கம் அவர்களுக்கு,

ரிவிக்குக் கீழே ஒரு ஸ்பீக்கர், இரண்டு பக்கமும் இரண்டு, சோபாவுக்குப் பின்னால் இரண்டு. ஐந்தையும் என் தங்கை மகன் கீதன் வந்து பூட்டினான். ஐந்தும் பாடுகின்றன. ஆறாவது பெட்டி என்று ஒன்று என் வீட்டில் இல்லை. இல்லாத பெட்டியில் பழியைப் போடாதீர்கள்.

ஹெட்போனில் வந்து கேட்க மாட்டேன். என் மகனின் கெட்டிமேளம் காதுக்குள் செருகி ஒளித்துக் கேட்கிற சாமான் அல்ல.

தெய்வநாயகி


மோர்னிங்சைட்
ஒக்ரோபர் 19, 2025

என் அருமைச் சம்மந்தி அம்மா,

தீபாவளி வாழ்த்துகள்! உங்களுக்கு இந்த வருடம் என்னிடமிருந்து ஒரு பரிசு இருக்கிறது. கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

இன்று மத்தியானம் லக்ஷிகா இங்கே வந்து சாப்பிட்டுவிட்டு, அன்றைய வீடியோ பார்க்கும் விழாப் படங்களைத் தாய்க்குப் போனில் காட்டிக்கொண்டு இருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். உங்கள் வாசலில் நிறைகுடம். வடிவாக வைத்திருந்தீர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். தேங்காய், மாவிலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே மஞ்சள் பட்டுத் துணி. அந்தப் பட்டு ஒரு பக்கம் கொஞ்சம் விலகி இருந்தது. படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். இன்னும் பெரிதாக்கச் சொன்னேன்.

நிறைகுடம் எதன் மேல் நிற்கிறது, சம்மந்தி அம்மா?

கறுப்பு. சதுரம். நான்கு றப்பர்க் கால். முன்பக்கம் வலைத் துணி. நான் படத்தை மரியோவுக்கு அனுப்பினேன். அவன் சிரித்து முடிக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டி இருந்தது. அதுதான் சப்வூபர்! தொப்பி அடிக்க வேண்டிய பெட்டி, அறுபது பேரையும் வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டு இருந்திருக்கிறது.

இன்னும் கேளுங்கள். ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் உங்கள் றிசீவருக்குக் கீதன் ‘சப்வூபர் இருக்கிறது’ என்று சொல்லிவைத்திருப்பான் என்கிறான் மரியோ. அதனால் றிசீவர் தாழ்ந்த சத்தம் முழுவதையும் மற்ற ஐந்துக்கும் கொடுக்காமல் அந்தப் பெட்டிக்கென்று ஒதுக்கிவிட்டது. ஒதுக்கியதை வாங்கப் பெட்டி அங்கே இல்லை.

பிஸ்கற் ரின் என் மேளம் அல்ல என்று இப்போதாவது ஒத்துக்கொள்கிறீர்களா? என் மனைவி இவ்வளவு சந்தோசமாக எழுத வேண்டாம் என்கிறாள். முடியவில்லை.

கனகசிங்கம்


றிச்மண்ட் ஹில்
ஒக்ரோபர் 24, 2025

சம்மந்தி ஐயாவுக்கு,

கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறேன். வெறும் வயிற்றில் பொய் சொல்லக் கூடாது. ஓம், பெட்டி அங்கேதான் இருந்தது.

ரிவியோடு வந்த ஸ்ரூல் என்று நினைத்தேன். மேலே மட்டமாக, குடத்துக்கு அளவான உயரத்தில், அசையாமல் நின்றது. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கீதன் போகிற அவசரத்தில் “மற்றதைப் பிறகு வந்து பூட்டுறன் பெரியம்மா” என்றான். எது மற்றது என்று சொல்லவில்லை. இப்போது வேலை மாறிக் கல்கரிக்குப் போய்விட்டான்.

ஆனால் நீங்கள் வென்றுவிட்டதாகக் குதிக்க வேண்டாம். பெட்டி பூட்டாததால்தான் தவில் கேட்கவில்லை என்பது இன்னும் உங்கள் கதைதான். பூட்டிப் பார்ப்போம். பூட்டிய பிறகும் ரின் சத்தம்தான் வந்தால், நீங்கள் பிறம்ரனுக்குப் போய் என் அத்தானுக்கு முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். கெட்டிமேளம் வந்தால், அதே அறுபது பேரையும் கூப்பிட்டு, அவர்களுக்கு முன்னால் நான் சொல்கிறேன். சம்மதமா?

பூட்டப் போவதும் நான்தான். விதுர்சனும் லக்ஷிகாவும் வந்தார்கள், தள்ளி இருக்கச் சொன்னேன். மேளம் வந்தால் மருமகள் எதையோ திருகி வரவைத்தாள் என்று என் மச்சாள் சொல்லுவாள். அந்தக் கதைக்கும் இடம் கொடுக்க மாட்டேன்.

வயர், பெட்டி வந்த கடதாசி மட்டைக்குள் சுற்றிய மாதிரியே கிடந்தது. ஒரு முனையைப் பெட்டியிலும் மறு முனையை றிசீவரிலும் செருகினேன். கரன்ற் கொடுத்தேன். பெட்டிக்குப் பின்னால் சிவப்பு லைற் எரிகிறது. சத்தம் இல்லை. என்ன செய்ய வேண்டும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தெய்வநாயகி


மோர்னிங்சைட்
ஒக்ரோபர் 26, 2025

சம்மந்தி அம்மா,

சம்மதம்! நூறு முறை சம்மதம்.

சிவப்பு என்றால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது, ஆனால் றிசீவரிலிருந்து ஒன்றும் வரவில்லை. பதறாதீர்கள். முதல் நாள் ஸ்டியரிங் பிடிக்கிற பிள்ளைக்கு நான் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். ரிவியை நிற்பாட்டுங்கள். றிசீவரின் பின்பக்கத்தைப் போன் வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே ஓட்டைகள் நிறைய. நீங்கள் செருகியது சத்தம் உள்ளே போகிற ஓட்டையாக இருக்கும். சத்தம் வெளியே வருகிற ஓட்டை தனியாக, ‘சப் அவுற்’ என்று ஆங்கிலத்தில் எழுதியபடி இருக்கும். வயரை அதில் மாற்றுங்கள். பெட்டிப் பக்கத்தில் ‘எல்எஃப்ஈ’ என்ற மூன்று எழுத்துக்குக் கீழே செருகுங்கள்.

பெட்டியில் இரண்டு திருகு இருக்கும். சத்தத் திருகை முழுக்கக் கூட்டுங்கள். மற்றத் திருகு எவ்வளவு தாழ்ந்த சத்தம் என்பதற்கு. தொப்பி தாழ்ந்த சத்தம், ஆகவே அதை ஆகக் குறைவில் வையுங்கள்.

விரதத்தோடு பெட்டியைத் தூக்க வேண்டாம். சூரன்போர் முடியட்டும்.

கனகசிங்கம்


றிச்மண்ட் ஹில்
நவெம்பர் 2, 2025

சம்மந்தி ஐயாவுக்கு,

உங்களிடம் கார் பழகிய பிள்ளைகளை நினைத்து எனக்குக் கவலையாக இருக்கிறது.

வயர் நீங்கள் சொன்ன ஓட்டையில்தான் போக வேண்டி இருந்தது. அது சரி. லைற் பச்சையாக மாறியது. கைதட்டினேன், பக்கத்தில் யாரும் இல்லை. பிறகு நீங்கள் சொன்னபடி சத்தத் திருகை முழுக்கக் கூட்டினேன். மாப்பிள்ளை அழைப்பு மேளத்தைப் போட்டேன். கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த கிளாஸ் எல்லாம் ஒன்றோடு ஒன்று இடித்தன. எங்கள் வீட்டில் எதற்கும் எழும்பாதவர் என் அவர் கோணேஸ்வரன். எழும்பி வந்து, “சினோ தள்ளுற மெஷின் வந்திட்டுதோ?” என்று யன்னலால் பனியைத் தேடிப் பார்த்தார்.

சத்தம் இருந்தது, ஆனால் மேளம் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ மா இடிப்பது போல ‘தும் தும்’ என்று ஒரே முழக்கம். எந்த அடி எங்கே விழுகிறது என்று தெரியவில்லை. இதற்குப் பிஸ்கற் ரின்னே பரவாயில்லை.

கதிரையைப் போட்டுப் பெட்டிக்குப் பின்னால் இருந்தேன். கொத்து றொட்டிக் கடைக்குப் பக்கத்தில் வீடு எடுத்த மாதிரி காது விறைத்தது. சத்தத்தைப் பாதிக்குக் குறைத்தேன். பிறகு நீங்கள் ஆகக் குறைவில் வைக்கச் சொன்ன மற்றத் திருகை, சொன்னதற்கு எதிர்ப்பக்கமாக, முழுக்கக் கூட்டினேன். தடி படுகிற சத்தம் வந்தது! பெட்டிக்குப் போகும் சத்தத்தை எந்த உயரத்தில் நிறுத்த வேண்டும் என்பதை றிசீவரே பார்த்துக்கொள்கிறது. நீங்களும் சேர்த்துக் குறைக்கச் சொன்னதால் இரண்டு முறை வெட்டுப்பட்டிருக்கிறது. இது என் மூளையில் வந்ததுதான், பிறகு புத்தகத்தைப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான் இருக்கிறது.

ஆனாலும் சோபாவில் போய் இருந்தால் அடி மெலிந்துபோகிறது. அலுமாரிப் பக்கம் போனால் வீங்குகிறது. தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம்.

தெய்வநாயகி


மோர்னிங்சைட்
நவெம்பர் 9, 2025

சம்மந்தி அம்மா,

திருகு விசயத்தில் பிழை விட்டேன். எழுதிவிட்டேன், திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டாம்.

இந்த முறை ஊகிக்கவில்லை. மரியோவிடமும் கேட்டு, எங்கள் பேஸ்மென்ற்றில் இருக்கும் சின்னப் பெட்டியிலும் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். தாழ்ந்த சத்தம் அறைக்குள் ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் காணாமல் போகும். ஆகவே பெட்டிக்கு இடம் தேட ஒரு வழி இருக்கிறது. நீங்கள் இருக்கிற சோபாவில் பெட்டியைத் தூக்கி வையுங்கள், தூக்க விதுர்சனைக் கூப்பிடலாம், அதில் களவு இல்லை. மேளத்தைப் போடுங்கள். பிறகு நீங்கள் சுவர் ஓரமாகத் தவழ்ந்துகொண்டு போக வேண்டும். ஓம், தவழ்ந்துதான். பெட்டி தரையில் நிற்கப்போகும் உயரத்தில் காது இருக்க வேண்டுமாம். எந்த இடத்தில் ஒவ்வொரு அடியும் பிரிந்து சுத்தமாகக் கேட்கிறதோ, அதுதான் பெட்டியின் இடம்.

நான் தவழ்ந்தேன். என் மனைவி வீடியோ எடுத்து லக்ஷிகாவுக்கு அனுப்பிவிட்டாள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிரித்திருந்தால் சந்தோசம்.

இங்கே முதல் சினோ கொட்டுகிறது. பாடம் எல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கனகசிங்கம்


றிச்மண்ட் ஹில்
நவெம்பர் 14, 2025

அன்புள்ள சம்மந்தி ஐயாவுக்கு,

சிரித்தேன். வயிறு நோகச் சிரித்தேன்.

இருபது வருடம் வீட்டில் டே கெயார் நடத்தியவள் நான். தவழ்வது எனக்குப் புதிதல்ல. சேலையைச் செருகிக்கொண்டு வாசல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பாதிச் சுவர் போனபோது அவர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். மேளச் சத்தம், தரையில் நான், முன்னால் சுவாமித் தட்டு. நேர்த்திக்கடன் என்று நினைத்துவிட்டார்! “இஞ்சை ஏன் செய்யிறாய்? பேவியூ கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறன், வெளிக்கிடு” என்று கார் திறப்பை எடுத்தார். நான் சொல்லி விளங்கவைக்கிறதுக்கிடையில் அவர் கோயிலுக்கென்று மேலில் போட்டிருந்த சேட்டையும் கழற்றிவிட்டார்.

மூலையில் வீங்கியது. யன்னலுக்குக் கீழே மறைந்தது. அவருடைய மசாஜ் கதிரை இருக்கிற இடத்துக்கு வந்தபோது அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு தவிலும் இரண்டு தவிலாகக் கேட்டன. கதிரை இப்போது பேஸ்மென்ற்றில். ஒரு நாள் முழுக்க அவரும் அங்கேதான்.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. பெட்டிக்குப் பின்னால் சைபர், நூற்றியெண்பது என்று ஒரு சின்ன விசை. பெட்டியும் மற்ற ஸ்பீக்கர்களும் ஒன்றாகத் தள்ளுகின்றனவா, ஒன்று தள்ள மற்றது இழுக்கிறதா என்பதற்காம். அவரைச் சோபாவில் இருத்தி, நான் பின்னால் இருந்து விசையைத் தட்டித் தட்டிக் கேட்டேன். சைபரில் “ம்” என்றார். நூற்றியெண்பதில் முதுகை நிமிர்த்தி இருந்தார். அதிலேயே விட்டுவிட்டேன்.

எல்லாச் சோதனையும் மாப்பிள்ளை அழைப்பு மேளத்தில்தான் செய்தேன். தாலி கட்டும் கட்டத்தை இன்னும் போடவில்லை. போடவும் மாட்டேன். அதைத் திருகு திருப்பப் பாவித்துப் பழசாக்க எனக்கு மனமில்லை. எல்லாரோடும் சேர்ந்துதான் கேட்பேன்.

வருகிற 22ஆம் திகதி சனிக்கிழமை, பின்னேரம். அதே அறுபது பேருக்கும் சொல்லிவிட்டேன். அத்தான் பேரின்பராசா, “பிஸ்கற் ரின் இரண்டாம் பாகமோ?” என்று கேட்டார். வந்து பாருங்கள் என்றேன். நீங்களும் மனைவியும் வர வேண்டும்.

தெய்வநாயகி


மோர்னிங்சைட்
நவெம்பர் 19, 2025

அன்புள்ள சம்மந்தி அம்மா,

என்ன வேலை பார்த்திருக்கிறீர்கள்! தாலி கட்டும் கட்டத்தைப் போட்டுப் பார்க்காமல் அறுபது பேரைக் கூப்பிடுவார்களா? மாப்பிள்ளை அழைப்பு வெளியில் எடுத்தது, கெட்டிமேளம் மண்டபத்துக்குள். ஐயரின் மைக், சனத்தின் இரைச்சல், எல்லாம் அதற்குள் இருக்கிறது. மரியோவின் ஹெட்போனில் கேட்டது உங்கள் அறையிலும் அப்படியே வரும் என்று என்ன உறுதி? வராவிட்டால் என் பிள்ளை அந்த அறையில் அறுபது பேருக்கு முன்னால் தலை குனிந்து இருக்க வேண்டும். ஒரு முறை, ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வருவோம். ஆனால் படி மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாய் இது. காருக்குள்தான் இருப்பேன். நீங்களே வந்து கூப்பிட்டால் இறங்குகிறேன்.

கனகசிங்கம்


றிச்மண்ட் ஹில்
நவெம்பர் 23, 2025

அன்புள்ள அண்ணை,

நேற்று வீடு நிறையச் சனம், உங்களோடு இருந்து கதைக்க முடியவில்லை. போனில் சொல்லலாம் என்று எடுத்தேன், சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கெஞ்சியும் நான் போட்டுப் பார்க்கவில்லை. பிடிவாதம்தான். ஆனால் பயம் இல்லாமல் இல்லை. செருப்போடு சினோவுக்குள் இறங்கி வந்து உங்கள் கார்க் கண்ணாடியைத் தட்டி, “உள்ளுக்கு வாங்கோ அண்ணை” என்றபோதும் அந்தப் பயம் என்னோடு கூடவே வந்தது. நீங்கள் முன்வரிசையில் இருந்து முகம் துடைக்கும் கைலேஞ்சியை முறுக்கிக்கொண்டு இருந்ததையும் பார்த்தேன். அத்தான் உங்களுக்குப் பின்னால், சிரிப்பதற்கு ஆயத்தமாக.

வீடியோவில் ஐயர் கையைத் தூக்கிக் “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்றார். முதல் அடி விழுந்தது. அறை முழுக்க ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. அத்தானின் கையில் இருந்த தேத்தண்ணி தளும்பிச் சேட்டில் ஊற்றுப்பட்டது, அவர் அதைத் துடைக்கவும் இல்லை. என் மச்சாள் தன்னை அறியாமல் கைகூப்பினாள். மேளம் ஓய்ந்ததும் அத்தான்தான் முதலில் வாய் திறந்தார். “எடியே நாயகி, இன்னொருக்காப் போடு” என்றார்.

போடுவதற்கு முதல் நான் எழும்பினேன். நான் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள், ஆனாலும் எழுத்திலும் இருக்கட்டும். “என்ர மருமகளுக்குத் தாலி ஏறினது இந்த மேளத்திலதான். குறை மேளத்தில இல்லை, இந்த வீட்டிலதான் இருந்தது. இனி இந்த வீட்டில கார் இடிபட்டாலும் தண்ணி கசிஞ்சாலும் ஆரும் இவளின்ர தாலியைப் பற்றிக் கதைக்கக் கூடாது.” மச்சாள் எழும்பி வந்து லக்ஷிகாவின் கன்னத்தைத் தடவினாள். அத்தான் தன் கடைசி மகளின் கல்யாணத்துக்கு அதே மேளத்தைப் பிடித்துத் தரச் சொல்லி உங்களைச் சாப்பாட்டு மேசையில் மறித்து வைத்திருந்ததையும் பார்த்தேன். உடனே ஓம் என்று சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் அலையவிடுங்கள்.

இரண்டாவது முறை போட்டபோது நான் நிற்கவில்லை. லக்ஷிகா பக்கத்தில் இடம் விட்டாள், இருந்தேன். என் கையைப் பிடித்தாள். அந்த மண்டபத்தில் மணவறையோடு நின்றும் எனக்குக் கிடைக்காத சத்தம், அண்ணை. தொப்பி காலுக்குக் கீழே தரையால் வந்தது, நாதஸ்வரம் தலைக்கு மேலே போனது, நடுவில் நானும் என் மருமகளும் இருந்தோம். என் பிள்ளையின் கெட்டிமேளத்தை முதல் அடியிலிருந்து கடைசி அடி வரைக்கும் கேட்டேன். ஒரு அடி கூட விடவில்லை.

தெய்வநாயகி